சாட்டைக்காரியின் மகள்: சீரா, பங்கா?

செட்டிநாட்டு வீடொன்றின் முகப்பைக் கடந்து வளவுக்குள் நுழைவோர் காண்பது என்ன? வானம் பார்த்த முற்றம். அதனைச் சுற்றி வரிசை வரிசையாக அறைகள். பர்மாத் தேக்கில் செதுக்கிய கதவுகள். அந்த அறைகள் மகன்களுக்கு உரியவை. மகன் மணம் முடித்தால் அவனுக்கென ஓர் அறை. அவனுக்குப் பின் அவன் மகனுக்கு, அந்த மகனுக்குப் பின் அவனுடைய மகனுக்கு உரிமை. பங்காளிகள் என்று அவர்களுக்குப் பெயர். மகளுக்கு என்ன? மகளுக்குச் சீர் உண்டு. வைரம், வெள்ளி, பித்தளை, பீங்கான், பட்டு என்று பரப்பி வைத்த சீர். அதை அடுக்கி வைக்கும் நாளில் ஊரே கூடி நின்று வியக்கும். ஆயினும் அது ஒரு நாள் கொடை. வீடோ, தலைமுறை தலைமுறையாக மகன் வழியே சென்றுகொண்டிருக்கும்.

சீர் என்பது ஒருமுறை தருவது. பங்கு என்பது தொடர்ந்து வருவது. சீரைப் பெற்றவள் நன்றி சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். பங்கைப் பெற்றவன் உள்ளே இருந்துகொண்டு உரிமை பேசலாம். திரைப்படத்தைப் பற்றி எழுதப் புகுந்த நாம் வீட்டைப் பற்றிச் சொல்லித் தொடங்குவது ஏன் என்று தோழர்கள் கேட்கலாம். படக்கொட்டகையிலும் இதே வழக்குத்தான் நடக்கிறது என்பதே நம் விடை.

“பெண்ணைக் கதைத்தலைவியாக வைத்துச் சண்டைப்படம் எடுத்தால் ஒருமுறை ஓடும், இரண்டாம் பாகம் எடுத்தால் படுத்துவிடும்” என்று ஒரு பேச்சு உலவுகிறது. தேநீர்க் கடையிலும் கேட்கிறோம். படித்தவர் எழுதும் திறனாய்விலும் அதே பேச்சு சற்று உயர்ந்த நடையில் வருகிறது. பழமொழி போலச் சொல்கிறார்கள். சொல்பவர்கள் சான்று காட்டுவதில்லை. சான்று கேட்பது பகுத்தறிவாளன் கடமை. ஆகவே, சில இரண்டாம் பாகங்களை எடுத்து ஆராய்வோம்.

1935-ஆம் ஆண்டு. பம்பாய் நகரில் வாடியா உடன்பிறந்தார் இருவர், ஜே.பி.எச். என்பவரும் ஹோமி என்பவரும், ஒரு படத்தை எடுத்து முடித்துவிட்டு விற்க வழியின்றி நின்றனர். ஆறு திங்கள் உழைப்பு; 80,000 ரூபாய்க்கு மேற்பட்ட செலவு. அந்நாளில் அது பெருந்தொகை. ஆயினும் படத்தை வாங்க வினியோகஸ்தர் முன்வரவில்லை. காரணம், அப்படத்தில் முகமூடி அணிந்தவரும், குதிரை மீது பாய்ந்தவரும், சாட்டை சுழற்றிக் கொடியவரை விரட்டியவரும் ஒரு பெண்! ‘ஹண்டர்வாலி’ என்பது படத்தின் பெயர். ‘ஹண்டர்’ என்றால் அவர்கள் வழக்கில் சாட்டை. ஆகவே ‘சாட்டைக்காரி’ என்று நாம் சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 1908-இல் பிறந்த மேரி எவன்ஸ் என்பவரே அந்தச் சாட்டைக்காரி. திரையில் அவர் பெயர் நாடியா.

வாங்க ஆளில்லாத படத்தை எடுத்தவர்களே முன்னின்று திரையிட்டனர். என்ன நடந்தது? 25 வாரங்களுக்கு மேல் ஓடிற்று! நாடியாவின் பெயரைச் சொல்லிச் சாட்டையும் இடைவாரும் கடைகளில் விற்றன. வாங்க மறுத்தவர்கள் வாயடைத்து நின்றனர்.

அன்று அப்படத்தை எடைபோட்ட நீதிமன்றங்கள் இரண்டு. ஒன்று தரை டிக்கெட். மற்றொன்று படித்தவர் பத்திரிகை. தரை டிக்கெட்டில் அமர்ந்தவன் மில்லில் வேலை பார்த்தவன், மூட்டை தூக்கியவன், வண்டி ஓட்டியவன். அவன் கைதட்டினான். சாட்டை ஒரு பெண்ணின் கையில் இருப்பதைக் கண்டு அவனுடைய ஆண்மை ஒன்றும் அழிந்துபோகவில்லை. அடிபடுகிறவன் அதிகாரம் படைத்த அமைச்சன் என்பதே அவனுக்குப் போதுமானதாயிருந்தது. படித்தவர் மன்றமோ முகஞ்சுளித்தது. ‘ஸ்டண்ட் படம்’ என்ற ஒரு சொல்லால் ஒதுக்கித் தள்ளிற்று. தீண்டாமை சேரியில் மட்டுமா இருந்தது? கலையிலும் இருந்தது! புராணப் படம் மேற்குடி. சமூகப் படம் நடுக்குடி. சண்டைப்படமோ ஊருக்கு வெளியே.

அந்தக் காற்று தமிழ்நாட்டுக்கும் வந்தது. 1937-இல் ‘மின்னல்கொடி’ என்னும் தமிழ்ப்படம் வெளிவந்தது. கே. அமர்நாத் இயக்கியது, கே.டி. ருக்மணி கதைத்தலைவி. சூழ்ச்சியால் வீட்டை இழந்த மோகினி என்னும் பெண், இறந்துபோன கொள்ளைத்தலைவியின் பெயரைத் தான் ஏற்று, செல்வரிடம் பறித்து ஏழையர்க்கு வழங்குவது கதை. இதே இயக்குநரும் இதே நடிகையும் 1939-இல் ‘வீர ரமணி’ என்ற படத்தையும் தந்தனர். எண்ணிப் பாருங்கள் தோழர்களே! தமிழ்த் திரை பேசத் தொடங்கி ஆறே ஆண்டுகளில் ஒரு பெண் துப்பாக்கியும் வாளும் ஏந்திக் கதையின் நடுவே நின்றாள். அந்த வழி தொடர்ந்திருந்தால் இன்று அவளுக்குப் பேத்தியும் கொள்ளுப்பேத்தியும் இருந்திருப்பார்கள். தொடரவில்லை. சீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இனி, நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். பம்பாயில் வாடியா உடன்பிறந்தாரிடையே கருத்து வேறுபாடு தோன்றிற்று. மூத்தவரான ஜே.பி.எச். வாடியா படித்தவர், எம்.என். ராயின் அரசியலைப் பின்பற்றியவர், சீர்திருத்தக் கருத்துடையவர். அவருக்கும் ‘ஸ்டண்ட் படக்காரர்’ என்ற பெயர் உறுத்திற்று. மதிப்பு மிக்க படம் எடுக்க விரும்பி 1941-இல் ‘ராஜ நர்த்தகி’ என்ற நாட்டியப் படத்தை உருவாக்கினார். இளையவர் ஹோமியோ நாடியாவைக் கைவிட விரும்பவில்லை. பிரிந்து சென்று ‘பசந்த் பிக்சர்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனம் 1943-இல் தந்த வெற்றிப்படமே ‘ஹண்டர்வாலி கி பேட்டி’. அதாவது, ‘சாட்டைக்காரியின் மகள்’! இந்தியத் திரையில் தோன்றிய முதல் தொடர்ச்சிப் படம் இதுவே என்று திரைப்பட வரலாறு எழுதுவோர் பலர் கூறுவர்.

தலைப்பைக் கவனியுங்கள். தந்தையின் பெயரைச் சொல்லி மகன் வாளெடுக்கும் கதைகள் நம் நாட்டில் ஆயிரம் உண்டு. இராமாயணமும் பாரதமும் அந்தக் கணக்கில்தான் வரும். ‘இன்னாருடைய மகன்’ என்று சொன்னவுடன் அரியணை அசையும். ஆனால், தாயின் பெயரைச் சொல்லி மகள் சாட்டையை எடுப்பது? இளமையில் தந்தைக்கும், மணந்தபின் கணவனுக்கும், முதுமையில் மகனுக்கும் அடங்கியவளே பெண் என்று மனு எழுதி வைத்த நாட்டில், ஒரு தாயின் வீரத்துக்கு மகள் வாரிசு என்று சுவரொட்டியில் அச்சடித்து ஒட்டினார்கள்! கலை நயம் மிக்க படம் என்று அதனை நாம் போற்ற வரவில்லை. சண்டைப்படத்துக்குரிய குறைகள் அனைத்தும் அக்காலத்துச் சண்டைப்படங்களில் உண்டு. ஆனால் அந்தத் தலைப்பு ஒரு வாரிசுச் சான்றிதழ். முதல் படம் வேடிக்கையாய் வந்திருக்கலாம். வேடிக்கை ஒருமுறை நடக்கும். இரண்டாம் படம் வந்தபோதுதான் அது உரிமையாயிற்று. முதல் படம் சீர். இரண்டாம் படம் பங்கு.

பங்கு கேட்டவளை அந்நாளைய கொட்டகை விரட்டவில்லை. படம் வெற்றி பெற்றது. நாடியா அதன் பிறகும் பல்லாண்டு குதிரையேறினார். 1968-இல், 60 வயதில், ‘கிலாடி’ என்ற படத்தில் மீண்டும் தோன்றினார். ஆகவே, ‘பெண்ணின் இரண்டாம் பாகம் ஓடாது’ என்ற பழமொழி பிறக்கும்போதே பொய். 1943-ஆம் ஆண்டே அதனைப் பொய்யாக்கிவிட்டது.

இனி அறுபது ஆண்டுகளைத் தாண்டுவோம். கடலையும் தாண்டுவோம். ‘லாரா கிராஃப்ட்’ என்பவள் கணினி விளையாட்டில் 1996-இல் பிறந்த வீராங்கனை. 2001-இல் ஏஞ்சலினா ஜோலி நடிக்க ஹாலிவுட் அவளைத் திரைக்குக் கொண்டுவந்தது. திறனாய்வாளரில் பெரும்பாலோர் அப்படத்தைக் குறை கூறினர். ஆயினும் உலகெங்கும் ஏறத்தாழ 27 கோடி டாலர் வசூல். 2003-இல் இரண்டாம் பாகம் வந்தது: ‘உயிரின் தொட்டில்’ என்று பொருள்படும் பெயருடையது, யான் டி போன்ட் இயக்கியது. விந்தை என்னவெனில், திறனாய்வாளர் இம்முறை முன்னைவிடச் சற்றே இளகினர்; முதல் படத்தைவிடக் கட்டுக்கோப்பு உண்டு என்றும் சிலர் எழுதினர். வசூலோ ஏறத்தாழ 16 கோடி டாலராகக் குறைந்தது. அதே ஆண்டில் வெளிவந்த கணினி விளையாட்டு சரியில்லாததால் படமும் படுத்தது என்று படநிறுவனம் காரணம் கூறிற்று. காரணம் எதுவாயினும் தீர்ப்பு ஒன்றுதான். ஜோலியின் மூன்றாம் பாகம் வரவே இல்லை. 2018-இல்தான் வேறு நடிகையை வைத்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கினர்.

இந்தப் படத்தில் திறனாய்வாளர் பலர் கடந்து சென்ற ஒன்றை நாம் நின்று காண வேண்டும். கதை எதைப் பற்றியது? பண்டோராவின் பெட்டியைப் பற்றியது. யார் அந்தப் பண்டோரா? கிரேக்கப் புராணம் சொல்கிறது: பிரமீதியஸ் நெருப்பைக் கவர்ந்து மனிதனுக்குக் கொடுத்தான், கடவுளுக்குச் சினம் வந்தது, மனிதனைத் தண்டிக்க முதல் பெண்ணைப் படைத்து அனுப்பினான், அவள் கலத்தைத் திறந்தாள், நோயும் துன்பமும் உலகில் பரவின. பார்த்தீர்களா, எவ்வூர்ப் புராணமும் ஒரே குடும்பம்! அங்கே பண்டோரா, விவிலியத்தில் ஏவாள், இங்கே கூனியும் கைகேயியும். உலகம் கெட்டதற்குப் பெண்ணே காரணம் என்பதில் எல்லாக் கடவுளரும் ஒருமித்த கருத்துடையவர்கள். நெருப்பைக் கொண்டுவந்த ஆண் வீரன். பெட்டியைத் திறந்த பெண் பாவி.

அந்தப் புராணத்தை எடுத்துக்கொண்ட இப்படம் அதனைத் தலைகீழாக்குகிறது. பெட்டியைத் தேடுவோர் ஆண்கள். ஒருவன் கொடிய நோயை விற்று வாழ நினைக்கும் அறிவியலாளன். மற்றொருவன் லாராவின் முன்னாள் காதலன். பெட்டியைக் கையோடு எடுத்துச் செல்லத் துடிப்பவன். லாராவோ அதனைத் திறக்கவில்லை. எடுத்துச் செல்ல முயன்ற காதலனையே சுட்டு வீழ்த்துகிறாள். பெட்டி மீண்டும் ஆழத்தில் அமிழ்கிறது. அறிய முடிந்தது, அடைய முடிந்தது, எனினும் தொடாமல் விட்டாள். ஆயிரமாயிரம் ஆண்டுகளாகப் பெண்மீது சுமத்தப்பட்ட பழியை ஒரு சண்டைப்படம் தன்னையறியாமல் துடைத்துப் போட்டது! இதைப் பற்றி எழுத வேண்டியவர்கள் எதை எழுதினார்கள்? நடிகையின் உடையை அளந்தார்கள், உடலை அளந்தார்கள், கணினிப் பொம்மைக்கும் அவருக்கும் பொருத்தம் பார்த்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் சோதிடன் பொருத்தம் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

படத்தின் குறைகளை நாம் மறைக்கவில்லை. ஆப்பிரிக்கா என்றவுடன் நிழற்பூதங்களைக் காவல் வைக்கிறார்கள். அங்குள்ள மக்கள் பழங்கதை சொல்லும் துணைமாந்தராகவே நிற்கிறார்கள். வெள்ளையர் கண்ணாடியை இன்னும் கழற்றவில்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. லாரா கிராஃப்ட் யார்? சீமாட்டி, பிரபுவின் மகள், மாளிகையில் வாழ்பவள். 1935-இன் சாட்டைக்காரி யார்? இளவரசி மாதுரி; அமைச்சன் சிறைப்படுத்திய மன்னனின் மகள்; நடித்தவரோ வெள்ளை நிறத்தவர். இரண்டுக்குமிடையே ஏறத்தாழ எழுபது ஆண்டுகள். ஆயினும் பெண் வீரம் காட்ட வேண்டுமானால் அவள் உயர்குடியில் பிறந்திருக்க வேண்டும் என்ற விதி மாறவில்லை. கூலிக்காரன் மகன் திரையில் வீரனாகலாம். அதற்கு எடுத்துக்காட்டுகள் ஏராளம். கூலிக்காரி மகளுக்கு அந்தச் சாட்டை எளிதில் கிடைப்பதில்லை. இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இதைக் கேட்கும் திறனாய்வை நாம் வரவேற்போம்.

ஆனால் நடப்பது வேறு. ஆண் நாயகனின் இரண்டாம் பாகம் தோற்றால் கதை சரியில்லை என்பார்கள். இயக்கம் சரியில்லை என்பார்கள். வெளியிட்ட நாள் சரியில்லை என்பார்கள். ‘ஆணை வைத்து எடுத்ததால் தோற்றது’ என்று எவரேனும் எழுதியதுண்டா? ஜேம்ஸ் பாண்ட் என்பவனைப் பாருங்கள். 1962 முதல் 2021 வரை ஒரே நிறுவனத்தின் வரிசையில் 25 படங்கள், 6 நடிகர்கள். அவற்றுள் நல்லவையும் உண்டு, நாணத் தக்கவையும் உண்டு. ஒரு படம் சறுக்கினால் நடிகனை மாற்றினார்கள், பாண்டை மாற்றவில்லை. அவன் பங்காளி, வளவில் அறை உண்டு, ஒருமுறை தோற்றாலும் வீடு அவனுடையது. லாராவோ சீர் பெற்றுச் சென்றவள். மீண்டும் வாசலில் வந்து நின்றால் ‘ஏன் வந்தாய்?’ என்று கேட்கிறார்கள்.

நம் அண்டை மாநிலத்திலிருந்து அண்மைக் காலச் சான்று ஒன்று. 2025 ஆகஸ்டில் ‘லோகா: முதல் அத்தியாயம், சந்திரா’ என்ற மலையாளப் படம் வெளிவந்தது. டொமினிக் அருண் இயக்கம். கல்யாணி பிரியதர்ஷன் கதைத்தலைவி. மலையாளப் படங்களின் வசூல் வரலாற்றில் அதுவரை எந்தப் படமும் எட்டாத உயரத்தை அது எட்டிற்று. கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சிக் கதையைத் தழுவியது. பகுத்தறிவாளராகிய நமக்கு யட்சியில் நம்பிக்கை இல்லை. ஆயினும் ஆண்களை மயக்கி இரத்தம் குடிப்பவள் என்று பழிக்கப்பட்ட நீலியை, ஒடுக்கப்பட்டோர் குடியில் பிறந்து கொடுமைக்கு ஆளான பெண்ணாகக் காட்டியது வரவேற்கத் தக்கதே. திறனாய்வாளரும் பாராட்டினர், மக்களும் திரண்டனர். அடுத்து என்ன? அடுத்த மாதமே இரண்டாம் அத்தியாயம் அறிவிக்கப்பட்டது. அதன் முதன்மைப் பாத்திரம் டொவினோ தாமஸ் ஏற்கும் ஆண் பாத்திரம்! பல அத்தியாயங்களாகத் திட்டமிட்டது என்று விளக்கம் கூறுவார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆயினும் வீட்டைக் கட்டியவள் மகள். அடுத்த அறைக்குச் சாவி மகனிடம். இந்தத் திருப்பத்தைத் திறனாய்வாளர் எத்தனை பேர் ஒரு கேள்வியாக எழுப்பினர்?

பிறரைக் குறை கூறும் நாம், நம் வீட்டையும் பார்க்க வேண்டும். 1950-இல் ‘மந்திரி குமாரி’ வந்தது. கலைஞர் எழுத்தில் உருவான படம்; குண்டலகேசிக் கதையின் சாயலுடையது. படத்தின் பெயரே பெண்ணின் பெயர். மலையுச்சியில் தன்னைக் கொல்லத் துணிந்த கொள்ளைக்காரக் கணவனை வணங்குவது போல் வலம் வந்து, பின்னிருந்து தள்ளிக் கொன்றவள் அமுதவல்லி. கணவன் எனினும் கொடியவன் கொடியவனே என்று தீர்ப்பெழுதிய கை பெண்ணின் கை! பதிபக்தி பேசிக்கொண்டிருந்த நாட்டில் அது வெடிகுண்டு. அந்தப் பாத்திரத்தை ஏற்றவர் மாதுரி தேவி. பின்பு நிகழ்ந்தது என்ன? அந்தப் படத்தின் புகழை முதலாகக் கொண்டு வளர்ந்த வரிசையில் வாளேந்தியவர்கள் எல்லாரும் ஆண்களே. அமுதவல்லிக்கு ஒரு மகள் பிறக்கவில்லை. நம் இயக்கத்து மேடைகளில் பெண்ணுரிமை முழங்கிற்று. நம் இயக்கத்தார் எழுதிய படங்களில் பெண்கள் பெரும்பாலும் அழுதார்கள், அல்லது நியாயம் கேட்டு அண்ணனை அழைத்தார்கள். இதை ஒப்புக்கொள்ள நாம் நாணத் தேவையில்லை. ஒப்புக்கொள்ளாமல் இருப்பதற்குத்தான் நாண வேண்டும்.

இந்தச் சிவகங்கைச் சீமையின் வரலாறும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. 1772-இல் காளையார்கோயிலில் முத்து வடுகநாதத் தேவர் கம்பெனிப் படையால் கொல்லப்பட்டார். அவர் மனைவி வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியுடன் தப்பித் திண்டுக்கல் பக்கத்து விருப்பாட்சியில் தங்கினார். எட்டு ஆண்டுகள் படை திரட்டி, ஐதர் அலியின் துணையோடு 1780-இல் சிவகங்கையை மீட்டார். எந்த ஹாலிவுட் எழுத்தாளனும் கற்பனை செய்யாத கதை! அவரோடு உயிரைக் கொடுத்தவளாக மக்கள் வாய்மொழியில் வாழும் குயிலியோ எளிய குடியில் பிறந்தவள். இந்தக் கதையின் ‘இரண்டாம் பாகம்’ என்ன? வேலு நாச்சியாரின் மகள் வெள்ளச்சி வாரிசு. ஆட்சியோ வெள்ளச்சியின் கணவர் வேங்கன் பெரிய உடையத் தேவர் பெயரில் நடந்தது. தாய் வென்ற நாடு, மகளின் உரிமை, மருமகனின் முடி!

1959-இல் நம் பக்கத்து ஊரான சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன், ‘சிவகங்கைச் சீமை’ படத்தை எடுத்தார். மருதிருவரின் இறுதிப் போரைச் சொன்ன படம். தமிழ் மணம் கமழ்ந்த படம். ஆனால் நாச்சியாரின் கதை அதன் நடுப்பொருள் அன்று. சீமையைத் திரைக்குக் கொண்டுவந்தபோதும் நாம் வாரிசாக எடுத்துக்கொண்டது ஆண்களின் வீரத்தையே.

இதே சிவகங்கையில் ஒரு மகள் நீதிமன்றம் ஏறி வென்ற வரலாறும் உண்டு. 1801-இல் கம்பெனியார் கௌரி வல்லபத் தேவருக்கு ஜமீனைக் கொடுத்தனர். 1829-இல் அவர் மறைந்தார். அவருடைய உடன்பிறந்தான் வழியினர் எங்களுக்கே உரிமை என்றனர். மகள் காத்தம நாச்சியார் வழக்காடினார். பல்லாண்டுகள் இழுத்த அந்த வழக்கில் 1863-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் மகளுக்கே உரிமை என்று தீர்ப்பளித்தது. இந்தியச் சட்டப் புத்தகங்களில் ‘சிவகங்கை வழக்கு’ என்று அழியாமல் நிற்பது அதுவே. ஆயினும் அத்தீர்ப்பின் உள்ளே ஓர் ஊசி உண்டு: இறந்தவருக்கு மகன் இல்லை, ஆகவே மகள். மகன் இருந்திருந்தால்? அவள் சீரோடு போயிருப்பாள். திரையிலும் அப்படித்தானே! ஆண் நாயகன் அகப்படாத இடைவெளியில் பெண்ணுக்கு ஒரு படம். அவன் வந்துவிட்டால் நாற்காலியை விட்டு எழ வேண்டும்.

காரைக்குடி வேறொரு பாடத்தையும் நமக்குத் தந்திருக்கிறது. சாட்டைக்காரி பம்பாயில் குதிரையேறிய மறு ஆண்டு, 1936-இல், இவ்வூரிலிருந்து ‘மாதர் மறுமணம்’ என்னும் இதழ் வெளிவந்தது. சொ. முருகப்பாவும் அவர் துணைவி மரகதவல்லி அம்மையாரும் அதன் பின்னே நின்றனர். அம்மையார் கைம்மை என்னும் சிறையை உடைத்துச் சீர்திருத்த மணம் புரிந்தவர். குதிரை இல்லை, முகமூடி இல்லை, கையில் சாட்டைக்குப் பதில் எழுதுகோல். முதல் மணம் முடிந்தது, இனி உனக்குக் கதை இல்லை என்று சமுதாயம் பெண்ணிடம் சொன்னது. எனக்கும் இரண்டாம் பாகம் உண்டு என்று சொன்ன பெண்களின் இதழ் அது! மனைவியை இழந்த ஆணுக்கு அடுத்த மணத்தை ஊரே கூடி முடித்து வைத்தது. கணவனை இழந்த பெண் அடுத்த மணம் கேட்டால் ஊரே கூடித் தூற்றிற்று. திரைப்படத் திறனாய்வின் இரட்டை அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று இனியும் கேட்க வேண்டுமா?

1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. 60 ஆண்டுகள் கழித்து, 1989-இல், கலைஞர் அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தம் மூதாதையர் சொத்தில் மகளையும் பங்காளி ஆக்கிற்று. 2005-இல் இந்தியா முழுமைக்கும் அது சட்டமாயிற்று. மகன் இல்லாவிட்டால் மகள் என்ற நிலை மாறி, மகனைப் போல் மகள் என்ற நிலை வந்தது. சட்டத்தில் சீர் போய்ப் பங்கு வந்துவிட்டது. வளவின் வாசலில் வந்து விட்டதா? தங்கையிடம் ‘விடுதலைப் பத்திரம்’ எழுதி வாங்கும் அண்ணன்மார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் நம் கூட்டங்களில் முன்வரிசையில் அமர்ந்து கைதட்டுவோராகவும் இருக்கலாம்!

இதற்கும் படத்துக்கும் தொடர்பு என்ன என்று கேட்பவர்க்கு நாம் கூறுவது இது. தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஏ.வி. மெய்யப்பன் 1947-இல் ‘நாம் இருவர்’ படத்தை உருவாக்கிய ஊர் இது. அதன் பிறகு எத்தனையோ படங்கள் செட்டிநாட்டு வீடுகளில் எடுக்கப்பட்டுள்ளன. அந்த வளவில் நாயகன் வந்து நிற்பான். பரம்பரை வீட்டை மீட்பான். பாட்டன் நாற்காலியில் அமர்வான். பார்க்கும் பையன் ‘வீடு என்றால் மகனுடையது’ என்று கற்றுக்கொள்கிறான். பார்க்கும் பெண்ணும் அதையேதான் கற்றுக்கொள்கிறாள். சட்டம் ஒரு பாடம் சொல்லித் திரை நேர்மாறான பாடம் சொன்னால், எந்தப் பாடம் மனத்தில் நிற்கும்? ஆகவேதான் ஒரு பெண்ணின் இரண்டாம் பாகம் என்பது வெறும் வசூல் கணக்கு அன்று என்கிறோம். வாரிசுரிமையை மக்கள் கண்முன் ஒத்திகை பார்க்கும் இடம் அது.

தோழர்களே, படம் பார்க்காதீர் என்று நாம் சொல்லவில்லை. பெண் நடித்தது என்பதற்காகக் குப்பையைக் கோபுரத்தில் ஏற்றுங்கள் என்றும் சொல்லவில்லை. கெட்ட படத்தைக் கெட்ட படம் என்றே எழுதுங்கள். கதை தளர்ந்தால் கதையைக் குறை கூறுங்கள். சண்டை பொய்யாயின் சண்டையைக் குறை கூறுங்கள். மூடநம்பிக்கை இருந்தால் தோலுரியுங்கள். சாட்டை சீமாட்டி கையிலேயே ஏன் இருக்கிறது என்று கேளுங்கள். ஆனால், தோல்வியைப் பெண் என்ற சொல்லின் மீது ஏற்றாதீர்கள். ஆண் தோற்ற போது கொடுத்த அடுத்த வாய்ப்பை அவளுக்கும் கொடுங்கள். தோற்கும் உரிமையும் சேர்ந்ததே சம உரிமை. வென்றால் மட்டுமே நிற்கலாம் என்பது உரிமையன்று, அது தேர்வு. அந்தத் தேர்வை ஆண் ஒருநாளும் எழுதியதில்லை.

1943-இல் ‘சாட்டைக்காரியின் மகள்’ என்று சுவரில் ஒட்டிய தாள் மழையில் கரைந்திருக்கும். அந்தப் பெயர் கேட்ட கேள்வி கரையவில்லை. படத்தைப் பற்றி எழுதுமுன் அந்தக் கேள்வியை முதலில் நம் வீட்டு வளவில் நின்று கேட்போம்: தங்கைக்கு நாம் கொடுத்தது சீரா, பங்கா? அங்கே நேர்மையாக விடை சொன்னவன்தான், கொட்டகையில் உட்கார்ந்து நேர்மையாகத் திறனாய்வு எழுத முடியும்.